மருந்துப் பெட்டியும் ஜெபமாலையும்: பாப்பான் தாதி சிபில் கார்த்திகேசுவின் வாழ்க்கை

ஈப்போ சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். தெரிந்தவர்களைப் பார்த்து நலம் விசாரிக்கிறோம். பிள்ளைகளை மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறோம். மறுநாள் திங்கட்கிழமை. தொழிற்சாலை, கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்ற அந்த ஜெபம் மற்ற ஆறு நாள்களும் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒரு பெண்மணி நம் ஈப்போவில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் கன்னியர் மடத்தில் வாழ்ந்தவர் அல்லர். குடும்பப் பெண், மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் இரவு பகல் பாராமல் உழைத்தவர். ஈப்போ ஃபேர் பார்க்கில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் போய் வரும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு சிபில் கார்த்திகேசு யார் என்று தெரியும்?

மேடானில் பிறந்தவர், ஈப்போவின் மருமகள்

சிபில் மேடான் டேலி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவருடைய பெயரிலும் சேர்ந்துகொண்டது. தந்தை அயர்லாந்து வம்சாவளி யூரேசியர், தோட்டத் துறையில் இருந்தவர். தாயார் பியட்ரிஸ் பிரெஞ்சு வம்சாவளி யூரேசியர், மருத்துவச்சி. தாய் செய்த தொழிலையே மகளும் கற்றுக்கொண்டார். கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். அதனால் சீனத் தாய்மார்களும் அவரிடம் தயக்கமின்றி வந்தார்கள்.

அவர் மணந்துகொண்டவர் தமிழர். தைப்பிங்கில் பிறந்த டாக்டர் கார்த்திகேசு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கத்தோலிக்கப் பெண்ணுக்கும் இந்து மாப்பிள்ளைக்கும் கல்யாணம் என்றால் அந்தக் காலத்தில் சும்மா விடுவார்களா? மதத்தைக் காரணம் காட்டி முதலில் எதிர்ப்பு கிளம்பியது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு இரு வீட்டாரும் இறங்கி வந்தார்கள். 1919ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் ஆலயத்தில் திருமணம் நடந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தலைப்பிள்ளை பிறந்தது. முதல் உலகப் போரில் கலிபோலியில் மாண்ட தன் அண்ணனின் நினைவாக மைக்கேல் என்று பெயர் வைத்தார் சிபில். குழந்தை 19 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவரும் தொழிலைக் கற்ற கைகளால் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்படிப்பட்ட இழப்பு வந்தால் சிலர் ஜெபத்தையே விட்டுவிடுவார்கள். சிபில் ஜெபத்தையும் விடவில்லை, பிரசவம் பார்ப்பதையும் விடவில்லை. வில்லியம் என்ற ஆண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். 1921இல் ஓல்கா பிறந்தார். 15 ஆண்டுகள் கழித்து, 1936இல், கடைக்குட்டி டான் பிறந்தாள்.

புரூஸ்டர் ரோடு கிளினிக்

1926இல் கணவனும் மனைவியும் ஈப்போ புரூஸ்டர் ரோடு 141ஆம் எண் வீட்டில் கிளினிக் நடத்தத் தொடங்கினார்கள். இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாதான் அன்றைய புரூஸ்டர் ரோடு. டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். சிபில் மருந்து, கட்டு, பிரசவம் என்று எல்லாவற்றையும் கவனிப்பார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மருத்துவச்சியின் வேலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நடுராத்திரி லயத்துக் கதவைத் தட்டுவார்கள். மழையோ இடியோ, எழுந்து போக வேண்டும். அப்படி எழுந்து போகும் ஒருவருக்கு முழங்காலில் நின்று நீண்ட ஜெபம் சொல்ல நேரம் கிடைக்காது. கைகழுவும் நேரம், தண்ணீர் கொதிக்கும் நேரம், வலியில் துடிக்கும் தாயின் கையைப் பிடித்திருக்கும் நேரம் ஆகியவைதான் அவருக்குக் கிடைக்கும் ஜெப நேரம். சிபில் இயேசுவின் திரு இருதயத்தின் மீது ஆழ்ந்த பக்தி கொண்டவர். அந்தப் பக்தி வேலையிலிருந்து அவரைப் பிரித்து வைக்கவில்லை. யார் கதவைத் தட்டினாலும் எழுந்து போகும் பழக்கத்தைத்தான் தந்தது.

வேலைக்கு நடுவே கடவுளை நினைப்பது திருச்சபையில் பழைய வழக்கம். பிரான்ஸ் நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி, மடத்துச் சமையற்கட்டில் சட்டிப்பானைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே கடவுளோடு உறவாடினார். கோயிலில் இருக்கும்போது மட்டுமல்ல, அடுப்படியிலும் அவர் அருகில் இருக்கிறார் என்பதுதான் அந்தத் துறவி கண்டுகொண்ட உண்மை. சிபிலுக்கு அந்த அடுப்படி, கிளினிக்காக அமைந்தது.

பாப்பான் 74ஆம் எண் வீடு

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் புகுந்தது. ஈப்போ மீது குண்டு விழுந்தது. நகரம் ஜப்பானியர் கையில் விழுவதற்குச் சில நாள்களுக்கு முன் சிபிலின் குடும்பம் ஈப்போவைவிட்டுக் கிளம்பியது. லஹாட், பூசிங் வட்டாரத்திலுள்ள ஈயச் சுரங்க ஊரான பாப்பானில், மெயின் ஸ்திரீட் 74ஆம் எண் கடைவீட்டில் குடியேறினார்கள்.

ஜப்பான்காரன் காலம் எப்படி இருந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி கிடைக்காது, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள், பலர் திரும்பி வரவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கிடைப்பதே பெரும்பாடு.

அந்த நேரத்தில் பாப்பான் வீடு ஏழைகளின் மருத்துவமனை ஆனது. காசு இல்லாதவர்களும் வைத்தியம் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு இன்னொரு வகை நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். மலையில் ஒளிந்திருந்து ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர்தான் அவர்கள். துப்பாக்கிக் காயத்தோடும் மலேரியாக் காய்ச்சலோடும் இருட்டில் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், கம்யூனிஸ்டுகள். கடவுளை நம்பாதவர்கள்.

ஒரு கத்தோலிக்கப் பெண் இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தால் குடும்பத்துக்கே ஆபத்து. வீட்டில் வயதான தாய், வயதுக்கு வந்த மகள், ஐந்து வயதுச் சின்னவள். திறக்காவிட்டால், வாசலில் காயம்பட்டுக் கிடப்பவன் சாவான். அவனுடைய கொள்கை என்ன, கடவுளை நம்புகிறானா என்று கேட்டுவிட்டு அவர் கட்டுப் போடவில்லை. காயத்தைப் பார்த்தார், வைத்தியம் செய்தார். தான் ஜெபிக்கும் ஆண்டவர் அந்த இடத்தில் என்ன செய்வார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வானொலிப் பெட்டியையும் மறைத்து வைத்திருந்தார்கள். லண்டன் பிபிசி செய்தியை இரகசியமாகக் கேட்டு, போரின் உண்மை நிலவரத்தை நம்பிக்கையானவர்களுக்குச் சொன்னார்கள். பிடிபட்டால் தலை தப்பாது என்பது தெரிந்தே செய்தார்கள்.

கெம்பித்தாய் கையில்

1943இல் காட்டிக்கொடுக்கப்பட்டார்கள். முதலில் டாக்டர் கைதானார், பின்னர் சிபிலும் வில்லியமும் பிடிபட்டார்கள். ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பித்தாய் அவரை ஈப்போவில் விசாரித்தது. மலையில் இருப்பவர்கள் யார், உதவியவர்கள் யார் என்று பெயர் கேட்டார்கள். மூங்கிலால் அடித்தார்கள். வயிறு வீங்கும்வரை தண்ணீரை ஊற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள். விரல் நகங்களைப் பிடுங்கினார்கள். பிரசவம் பார்த்த கைகள் அவை.

பெயர் எதையும் அவர் சொல்லவில்லை.

கடைசியில் சின்னவளைப் பிடித்து வந்தார்கள். டானுக்கு அப்போது ஏறக்குறைய ஏழு வயது. சிறுமியை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப்போவதாக மிரட்டினார்கள். தாய் வாயைத் திறந்தால் மகள் பிழைப்பாள், ஆனால் பாப்பானில் எத்தனை குடும்பங்கள் அழியும் என்பது தாய்க்குத் தெரியும். அந்தக் குழந்தையே அம்மாவைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. இந்த நேரத்தில் ஓர் ஜப்பானிய அதிகாரி குறுக்கிட்டுத் தடுத்தார். டான் உயிரோடு மீட்கப்பட்டாள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எந்தத் தாய்க்கும் மனம் பதறும். அவர் செய்தது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. அதற்குச் சுலபமான பதில் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தக் கணத்தில் நின்று யோசித்து முடிவெடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதுவரை ஒவ்வொரு நாளும் என்ன பழகினோமோ அதுதான் அப்போது வெளியே வரும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் தன்னையும் தன் பிள்ளைகளையும் ஆண்டவர் கையில் ஒப்படைத்துப் பழகியவர், அன்றும் அதையே செய்தார்.

பின்னர் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். முதுகெலும்பிலும் தாடையிலும் பட்ட காயங்களால் அவரால் நடக்க முடியவில்லை. மருந்துப் பெட்டி இல்லை, நோயாளிகள் இல்லை, எழுந்து நிற்கக் கால் இல்லை. செய்வதற்கு வேலை எதுவும் மிஞ்சாத அந்த இடத்தில் ஜெபம் மட்டும் மிஞ்சியது. வேலையோடு சேர்ந்து வளர்ந்த ஜெபம், வேலை பறிபோன பிறகு அவரைத் தாங்கிப் பிடித்தது.

திரும்பி வந்தது

1945இல் ஜப்பான் சரணடைந்தது. சிபில் விடுவிக்கப்பட்டு, சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்தபோது தன் அனுபவங்களைப் பதிவு செய்தார். 1954இல், அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது. வீரத்துக்காக வழங்கப்படும் ஜார்ஜ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மலாயாப் பெண்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே என்று சொல்வார்கள்.

ஆனால் உடல் தேறவில்லை. பூட்ஸ் காலால் உதைபட்ட தாடைக் காயம் உள்ளுக்குள் சீழ்பிடித்து இரத்தத்தில் கலந்தது. 1948 ஜூன் 12ஆம் தேதி பிரிட்டனில் இறந்தார். வயது 48. முதலில் ஸ்காட்லாந்தின் லனார்க் நகரில் அடக்கம் செய்தார்கள். 1949இல் அவருடைய உடல் கப்பலில் பினாங்குக்கும், அங்கிருந்து ஈப்போவுக்கும் கொண்டுவரப்பட்டது. இன வேறுபாடு இல்லாமல் மக்கள் திரண்டு வந்து வழியனுப்பினார்கள். செயின்ட் மைக்கேல் ஆலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில், ஒரு காலத்தில் அவர் கிளினிக் நடத்திய அதே சாலையில், மறுபடியும் அடக்கம் செய்யப்பட்டார்.

நமக்கு என்ன?

ஜெபித்தால் கஷ்டம் வராது என்று சிபிலின் வாழ்க்கை சொல்லவில்லை. அவருக்குக் கஷ்டம் வந்தது, குழந்தை போனது, உடல் போனது, கடைசியில் உயிரும் போனது. ஜெபம் அவரைத் துன்பத்திலிருந்து ஒளித்து வைக்கவில்லை. துன்பத்தில் இருந்த மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கும் துணிச்சலைத் தந்தது.

அப்படிப்பட்ட சோதனை நமக்கு வர வேண்டாம். ஆனால் அன்றாடப் பழக்கம் நம் கையில்தான் இருக்கிறது. விடியற்காலை இருட்டில் பால்மரத்துக்கு முன்னால் நின்று, கத்தியை எடுக்கும் முன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்ட நம் பாட்டிமார்களுக்கு இது தெரிந்திருந்தது. இன்று கத்திக்குப் பதில் லாரிச் சாவி, கணினி, மருத்துவமனைத் தள்ளுவண்டி. வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம், எரிச்சலூட்டும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் முன் ஒரு நொடி, இரவு பிள்ளைகளோடு ஒரு பத்து மணி ஜெபமாலை. இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இந்துச் சகோதரர்களுக்கும் இது புதிதல்ல. கடை திறந்ததும் சாமி படத்துக்கு முன் கும்பிட்டுவிட்டு வியாபாரம் தொடங்கும் வழக்கம் நம்முடையதுதானே. அந்தக் கும்பிடு, அடுத்து கடைக்குள் வரும் மனிதரை நாம் நடத்தும் விதத்தில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சிலிபினிலிருந்து டவுனுக்குப் போகும்போது ஒருநாள் செயின்ட் மைக்கேல் ஆலயத்தின் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் சென்று அந்தக் கல்லறையைக் காட்டுங்கள். இந்த அம்மா யார் என்று கேட்பார்கள். நடுராத்திரி யார் தட்டினாலும் கதவைத் திறந்தவர் என்று சொல்லுங்கள்.