பதவி துறந்தும் பணி துறவாதவர்

மேட்டூரிலிருந்து மோகனூர் வழியே இறங்கிச் செல்லும் காவிரியின் கரையில், திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு தோன்றியவர் சர் சி. வி. இராமன். 1930இல் நோபல் பரிசு பெற்ற அப்பெருமகனார், 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார்.

அதே ஆண்டில்தான் இட்லரின் ஆட்சி, யூதர் என்பதற்காக இயற்பியலறிஞர் மாக்ஸ் பார்னைப் பதவியிலிருந்து விலக்கியது. அவரைப் பெங்களூருக்கு வரவழைத்த இராமன், நிலையான பேராசிரியர் பதவியும் வழங்க முயன்றார். கழகத்திற்குள் எழுந்த எதிர்ப்பால் அம்முயற்சி முறிந்தது.

இயற்பியலுக்கே நிதியைக் குவிக்கிறார், பிற துறைகளைப் புறக்கணிக்கிறார் என்ற குற்றச்சாட்டுகள் வலுத்தன. முற்றிலும் பொய்யென அவற்றைத் தள்ளவியலாது. எவருக்கும் வளைந்து கொடுக்காத அவரது இயல்பும் பூசலை வளர்த்தது. கல்கத்தா ஆய்வுச் சங்கத்திலோ, தென்னாட்டவருக்குச் சலுகை காட்டுபவர் என்ற ஐயம் படர, 1934இல் அங்கும் பொறுப்பிழந்தார். 1936இல் அமைந்த விசாரணைக் குழு பெங்களூரிலும் அவரது அதிகாரத்தைக் குறைக்கப் பரிந்துரைத்தது. 1937இல் இயக்குநர் பதவியைத் துறந்தார்.

ஆயினும் வளாகத்தை விட்டு அகலவில்லை. தாம் ஆண்ட இடத்திலேயே பேராசிரியராக அமர்ந்து, 1948 வரை மாணவரை உருவாக்கினார். பின்னர்த் தம் பெயரிலேயே ஆய்வகம் கண்டு, 1970இல் மறையும்வரை உழைத்தார்.

பெங்களூரில் இடம் மறுக்கப்பட்ட பார்ன், 1954இல் நோபல் பரிசு பெற்றார்.