கண்டியில் செய்த ரோலர்

கண்டி மஹியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று நாம் பாடசாலையில் படித்த அதே டெய்லர்தான்.

1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். 1852இல், பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில் இலங்கைக்கு வந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்ட மலைப்பக்கம், லூல்கந்துர கோப்பித் தோட்டத்தில் வேலை. 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. கோப்பி அழிய அழிய, மற்றத் துரைமாரின் பார்வையும் அந்த 19 ஏக்கர் பக்கம் திரும்பியது.

கொழுந்தைப் பறித்தால் மட்டும் தேயிலை ஆகிவிடாது. வாடவைத்து, முறுக்கி உருட்ட வேண்டும். அப்போதுதான் இலையின் சாறு கசிந்து, காற்றுப்பட்டு, நிறமும் மணமும் வரும். தொடக்கத்தில் இந்த வேலை டெய்லரின் பங்களா விறாந்தையில் நடந்தது. தொழிலாளர் மேசைமேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்தி உருட்டினார்கள். பிறகு மண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி அதைக் காயவைத்தார்கள்.

கையால் எத்தனை இறாத்தல் உருட்ட முடியும்? 1872இல் டெய்லர் தானே ஒரு ரோலரை வடிவமைத்தார். அது இங்கிலாந்திலிருந்து வரவில்லை, கண்டியிலேயே செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது.

ஆனால் கண்டி இயந்திர நகரமாகவில்லை. தோட்டங்கள் பெருக, ரோலர்கள் கப்பலில் வந்து இறங்கின. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவில் இருந்த மார்ஷல் கம்பனி, வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த தேயிலை இயந்திரங்களைச் செய்து அனுப்பியது. இதே கம்பனிதான் 1908 முதல் கடல்கடந்த நாடுகளின் நிலத்தை உழுவதற்கென ஒரு டிரக்டரையும் செய்தது. அதற்கு வைத்த பெயரே 'கொலோனியல்'. மண்ணும் உழைப்பும் இங்கே, இயந்திரமும் இலாபமும் அங்கே என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பெயர் வேறில்லை.

உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948இல் அவர்களின் வாரிசுகளது குடியுரிமை பறிபோனது. 1977 வன்முறைக்குப் பின் அவர்களில் பலர் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் அங்கிருந்தும் ஓடினார்கள்.

டெய்லரை அவர்கள் சாமி துரை என்றார்கள். அன்பும் பயமும் கலந்த பெயர் அது. 1892இல் நிர்வாகம் அவரைப் பதவி விலகச் சொன்னது. அவர் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. வயிற்றுளைவு கண்டு, மே 2ஆம் திகதி, 57ஆவது வயதில் இறந்தார். 24 பேர் இரண்டு அணியாகப் பிரிந்து, தோள் மாற்றி மாற்றி உடலைக் கண்டிவரை சுமந்தார்கள். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்னால் நடந்தார்கள். சுமந்த 24 பேரில் ஒருவரின் பெயரும் மஹியாவைக் கல்லில் இல்லை.