நூற்கடலில் வழிகண்டவர்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்பது நம் முன்னோர் கொள்கை. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என வள்ளுவர் அவற்றை வகுத்துரைத்தார். இந்நான்கும் ஒருங்கே அமைந்தும் நோய் தீராமற் போவதுண்டு. அதே நோயை வேறொரு நாட்டு மருத்துவன் ஆராய்ந்து, தீர்க்கும் வழியையும் கண்டு எழுதி வைத்திருப்பான். அவன் எழுதியது எந்த நூலில், எந்தப் பக்கத்தில் உள்ளது என்பது இங்குள்ள மருத்துவனுக்குத் தெரியாது. உலகில் மருந்து இருந்தும் நோயாளி உயிர் துறப்பான். இக்குறையைப் போக்குவதற்காக முப்பது ஆண்டுகள் உழைத்த பெரியார் ஒருவர் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் ஷா பில்லிங்ஸ்.

பில்லிங்ஸ் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் இந்தியானா மாநிலத்து நாட்டுப்புறம் ஒன்றில் பிறந்தார். சிறுவயதில் அவர் படித்த நூல் ஒன்றில் லத்தீன் தொடர்கள் இடையிடையே வந்தன. அவற்றின் பொருள் விளங்காமையால் அகராதியும் இலக்கணமும் தேடிப் பெற்று, அம்மொழியைத் தாமே கற்கலானார். கல்லூரியிற் பயில வேண்டும் என்னும் வேட்கை நாளும் வளர்ந்தது. ஆனால் குடும்பத்திற் செல்வம் மிகுதியாக இல்லை. ஆகவே தந்தையாரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். தம்மைக் கல்லூரியிற் படிக்கவைத்தால் போதும். குடும்பச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவளே பெறட்டும் என்பது அவ்வுடன்படிக்கை. அவ்வாறே 1857ஆம் ஆண்டு ஓகையோ மாநிலத்து மயாமிப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றார். பின்னர்ச் சின்சினாட்டி நகரின் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் வாரத்திற்கு 75 சென்ட் செலவில், பாலும் முட்டையுமே உணவாகக் கொண்டு காலங்கழித்தார். அதனால் உடல்நலம் கெட்டது, படிப்புக் கெடவில்லை.

மருத்துவப் பட்டம் பெறுவதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதுதல் வேண்டும். காக்கை வலிப்பு நோயை அறுவை முறையால் தீர்த்தல் கூடுமா என்பதைப் பில்லிங்ஸ் தம் பொருளாகத் தேர்ந்தார். அதற்கு முன் எத்தனை நோயாளிகளுக்கு அவ்வறுவை செய்யப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்னும் கணக்கு வேண்டும். சின்சினாட்டியில் உள்ள நூல்கள் போதவில்லை. பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களின் நூலகங்களையும் நாடினார். எந்த நூலைத் திறந்தாலும் பொருளடக்கம் முறையாக இல்லை. ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருந்தது. பல திங்கள் இவ்வாறு கழிந்தன. நல்ல மருத்துவ நூலகம் ஒன்றேனும் தம் நாட்டில் இல்லை என்பதும், இருக்கும் நூல்களுள்ளும் வேண்டியதைக் கண்டெடுக்க வழியில்லை என்பதும் அவர் உள்ளத்திற் பதிந்தன. 1860ஆம் ஆண்டு பட்டம் கிடைத்தது. ஆனால் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. பில்லிங்ஸ் வடவர் படையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். 1863ஆம் ஆண்டில் சான்சலர்ஸ்வில், கெட்டிஸ்பர்க் ஆகிய கொடும் போர்க்களங்களிற் காயமுற்றோருக்குப் பணிபுரிந்தார். 1864ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகரிலிருந்த படைத் தலைமை மருத்துவர் அலுவலகத்திற்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு அவ்வலுவலகத்தின் சிறு நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. அப்போது அங்கே இருந்தவை ஏறத்தாழ 2,000 நூல்களே.

போர் முடிந்தபின் படை மருத்துவமனைகளின் செலவு போக ஏறத்தாழ 80,000 டாலர் எஞ்சியிருந்தது. அத்தொகை நூலகத்திற்குக் கிடைத்தது. பணம் ஒன்றையே நம்பியிருப்பவர் அல்லர் பில்லிங்ஸ். மருத்துவர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் அயல்நாட்டு நூலகங்களுக்கும் ஓயாது கடிதம் எழுதினார். பழைய இதழ்களைக் கேட்டார். மிகைப்படிகளைக் கொடுத்து இல்லாதவற்றை மாற்றாகப் பெற்றார். நூலகத்திற்கு இடம் போதாமையால் போர்டு நாடக அரங்கிற்கு அது மாற்றப்பட்டது. 1865ஆம் ஆண்டு ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட அதே அரங்குதான் அது. 1887ஆம் ஆண்டில் நூலகம் புதிய கட்டடத்திற்குச் சென்றது. ஆறாண்டுகள் கழித்து அப்பழைய அரங்கின் தளம் இடிந்து விழுந்து, அங்கே வேலைசெய்த எழுத்தர் 22 பேர் மாண்டனர். நூல்கள் முன்னரே வெளியேறியது நற்பேறே ஆகும்.

நூல்கள் பெருகின. ஆயினும் பெருக்கமே புதிய இடரைத் தந்தது. குவிந்த நூல்களுள் வேண்டிய செய்தியைக் காண்பது எவ்வாறு? நூற்பெயர்களை மட்டும் தொகுத்தால் பயனில்லை. மருத்துவத்திற் புதியன யாவும் முதலில் இதழ்க் கட்டுரைகளாகவே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியே குறிப்பு எழுத வேண்டும் எனப் பில்லிங்ஸ் துணிந்தார். நாள்தோறும் மாலையில் இதழ்களைக் கூடைகளில் நிரப்பி வீட்டிற்குக் கொண்டு சென்றார். இரவில் அவற்றைப் படித்து, குறிக்கத்தக்க கட்டுரைகளுக்கு அடையாளமிட்டார். மறுநாள் எழுத்தர்கள் அவற்றைச் சீட்டுகளிற் படியெடுத்தனர். எழுதியவர் யார், பொருள் யாது, எந்த இதழ், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்பன எல்லாம் அச்சீட்டில் இருந்தன. கேள்விச் செய்தியை நம்ப வேண்டா. மூலத்தையே எடுத்துப் பார்த்து, ஒருவர் கூறியதை மற்றொருவர் கூறியதோடு ஒப்பிட்டு உண்மை துணியலாம். அட்டவணையின் பெரும்பயன் இதுவே.

ஆசிரியர் பெயரையும் பொருளையும் ஒரே அகர வரிசையில் அமைத்து, மாதிரி ஏடு ஒன்றை 1876ஆம் ஆண்டில் அச்சிட்டு மருத்துவர்களுக்கு அனுப்பினார். எல்லோரும் போற்றினர். ஆனால் அச்சிடப் பணம் தரவேண்டிய அமெரிக்கக் காங்கிரசு உடனே இசையவில்லை. நாடெங்குமுள்ள மருத்துவர்கள் வேண்டுகோள் விடுத்தபின்னரே பொருள் கிடைத்தது. 1880ஆம் ஆண்டில் முதல் தொகுதி வெளிவந்தது. ஆண்டுக்கு ஒன்றாக 1895ஆம் ஆண்டிற்குள் 16 தொகுதிகள் வெளியாயின. 1883ஆம் ஆண்டின் நான்காம் தொகுதியிற் காக்கை வலிப்புப் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. மாணவராக இருந்தபோது ஊர் ஊராகத் தேடிய செய்தியை இனி எந்த மாணவரும் ஒரே மேசையிற் கண்டுகொள்ளலாம்.

பெருந்தொகுதி ஆண்டுக்கு ஒருமுறையே வரும். புதிய கட்டுரையோ நாள்தோறும் வரும். எனவே 1879ஆம் ஆண்டில் இண்டெக்ஸ் மெடிக்கஸ் என்னும் திங்களிதழையும் தொடங்கினார். இவ்விரு பணிகளிலும் அவருக்கு வலக்கையாய் நின்றவர் இங்கிலாந்திற் பிறந்த ராபர்ட் பிளெட்சர். சீட்டுகளை ஒழுங்குபடுத்துதல், அச்சுப்படி திருத்துதல் ஆகிய கடும்பணி பெரும்பாலும் பிளெட்சருடையதே. பில்லிங்சின் புகழொளியில் அவர் பெயர் மங்கிப்போனது முறையன்று. திங்களிதழுக்குச் சந்தாதாரர் போதிய அளவிற் சேரவில்லை. நட்டத்திலேயே நடந்து, 1899ஆம் ஆண்டில் நின்றது. 1903ஆம் ஆண்டில் கார்னெகி நிறுவனம் அதற்கு மீண்டும் உயிரூட்டியது.

பில்லிங்சின் பிற பணிகளும் பல. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அமைப்புத் திட்டம் வகுத்தவர் அவரே. 1880ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பிற் பிறப்பு இறப்புப் பகுதியை மேற்பார்த்தபோது, இக்கணக்கைச் செய்ய ஒரு பொறி இருத்தல் வேண்டும் என்று ஹெர்மன் ஹாலரித் என்னும் இளைஞரிடம் கூறினார். ஹாலரித் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் பொறியை இயற்றினார். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது பயன்பட்டது.

1895ஆம் ஆண்டிற் படைப்பணியினின்று ஓய்வு பெற்றபோது நூலகத்தில் ஏறத்தாழ 1,16,000 நூல்களும் 1,91,000 சிறுநூல்களும் இருந்தன. அமெரிக்க, ஆங்கில மருத்துவர்கள் விருந்து நடத்தி 10,000 டாலர் அவருக்கு வழங்கினர். மறு ஆண்டு நியூயார்க் பொது நூலகத்தின் இயக்குநரானார். இங்கே வந்தோர் மருத்துவர் மட்டும் அல்லர். தொழிலாளரும் மாணவரும் அயல்நாட்டிலிருந்து குடியேறியோரும் வந்தனர். ஆண்ட்ரூ கார்னெகியிடமிருந்து கிளை நூலகங்களுக்காக 52 இலட்சம் டாலர் கிடைத்தது. பில்லிங்ஸ் தாள் ஒன்றில் வரைந்து காட்டிய அமைப்பின்படி எழுந்த பெருங்கட்டடம் 1911ஆம் ஆண்டு மே திங்களில் திறக்கப்பட்டது. முதலிற் கேட்கப்பட்ட நூல் ரஷ்ய மொழியில் அமைந்தது. ஆறே நிமிடத்தில் அது வாசகர் கைக்கு வந்தது.

முதுமையிற் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு அவர் உள்ளானார். பணியை விடவில்லை. 1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் நியூயார்க்கில் உயிர்நீத்தார்.

அவர் வளர்த்த மருத்துவ நூலகம் 1956ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ நூலகம் என்னும் பெயர் பெற்றது. 1964ஆம் ஆண்டில் அதன் அட்டவணை கணிப்பொறியில் ஏற்றப்பட்டது. அவர் தொடங்கிய அட்டவணையும் அவர் வேண்டிய பொறியும் அன்று ஒன்றுசேர்ந்தன. 1997ஆம் ஆண்டில் அவ்வட்டவணை இணையத்தின்வழி எவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டது. மறு ஆண்டு, மருத்துவர் அல்லாதாரும் படித்தறியும் எளிய நடையில் நோய்களையும் மருந்துகளையும் விளக்கும் மெட்லைன் பிளஸ் என்னும் பகுதியை அந்நூலகம் தொடங்கியது. தன் தாய்க்கு வந்த நோய் யாது, அதற்குரிய மருந்து யாது என்று கேட்டு வரும் எளியவர்க்கும், சிற்றூர்ப் பொது நூலகத்தின் நூலகர் நம்பத்தக்க விடையை அதிலிருந்து எடுத்துக் காட்டலானார்.