ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம்

ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் (ஜூலை 31, 1858 – ஜூலை 15, 1936) பிரித்தானிய நிலவியலாளரும் நிலநடுக்கவியலாளரும் ஆவார். நிலநடுக்க அலைகளின் மூன்று வகைகளையும் கருவிப் பதிவுகளில் முதன்முதலாகத் தெளிவாகப் பிரித்தறிந்தவர் இவரே. புவியின் மையத்தில் ஒரு கருவம் உள்ளது என்பதற்கு நிலநடுக்க அலைகளின் வழியாகச் சான்று அளித்தவரும் இவரே. இவரது ஆய்வுகளின் அடிப்படை பெரும்பாலும் இந்தியாவில் அமைந்தது. நீலகிரியையும் கொங்கு நாட்டையும் 1900ஆம் ஆண்டில் உலுக்கிய நிலநடுக்கத்தை விளங்கிக்கொள்ளவும் இவர் வகுத்த வழிமுறைகள் உதவுகின்றன.

இளமையும் பணியும்

ஓல்டாம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். இவரது தந்தை தாமசு ஓல்டாம் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் ஆவார். ரக்பி பள்ளியிலும் இலண்டன் அரச சுரங்கவியல் கல்லூரியிலும் கல்வி கற்ற ஓல்டாம், 1879இல் அதே துறையில் சேர்ந்தார். தந்தை முடிக்காமல் விட்டுச்சென்ற இந்திய நிலநடுக்கங்களின் பட்டியலை நிறைவு செய்து 1883இல் வெளியிட்டார். இந்திய நிலவியல் கையேட்டின் இரண்டாம் பதிப்பை 1893இல் உருவாக்கினார்.

அஸ்ஸாம் நிலநடுக்கம்

ஜூன் 12, 1897 அன்று அஸ்ஸாமில் 8க்கும் மேற்பட்ட அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. சில்லாங் நகரின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. ஓல்டாம் தலைமையில் நடந்த ஆய்வின் அறிக்கை 1899இல் வெளிவந்தது. கட்டடச் சேதம், தரை வெடிப்பு, தூக்கியெறியப்பட்ட பாறைகள், தொலைதூர ஊர்களில் உணரப்பட்ட அதிர்வு ஆகியவை அதில் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டன. அதிர்வின் வலிமை ஒத்திருந்த இடங்களை இணைத்து நிலப்படத்தில் கோடுகள் வரையப்பட்டன. இந்நிலநடுக்கத்தை உண்டாக்கியதாகக் கருதப்படும் மறைந்த பிளவுப்பெயர்ச்சி ஒன்றைச் சில்லாங் பீடபூமியின் வடவிளிம்பில் 2001இல் ஆய்வாளர்கள் இனங்கண்டு, அதற்கு ஓல்டாமின் பெயரைச் சூட்டினர்.

அலைகளும் கருவமும்

தொலைவிலிருந்த நில அதிர்வுமானிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஓல்டாம், முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என்னும் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் வந்தடைவதை 1900இல் விளக்கினார். இந்தியப் பணியிலிருந்து 1903இல் ஓய்வு பெற்றார். புவியின் மறுபுறத்தை அடையும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக் கொண்டு, மையப்பகுதி வேறுவகைப் பொருளால் ஆனது என 1906இல் முடிவு செய்தார். 1908இல் லயல் பதக்கம் பெற்ற இவர், 1911இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். வேல்சில் 1936இல் காலமானார். கருவத்திற்குள் மற்றோர் உட்கருவம் உண்டு என்பதை இங்கே லேமன் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

கோயம்புத்தூர் நிலநடுக்கம், 1900

ஓல்டாமின் அறிக்கை வெளிவந்த மறு ஆண்டு, பெப்ரவரி 8, 1900 அன்று, கோயம்புத்தூர்ப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைத்தொடர்வண்டி ஓடத் தொடங்கி அப்போது ஓராண்டுகூட நிறைவடையவில்லை. நிலநடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 எனப் பிற்காலத்தில் கணிக்கப்பட்டது. அஸ்ஸாம் நிலநடுக்கத்துடன் ஒப்பிட்டால் இது மிதமானதே. ஆயினும் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. தக்காணத்தின் பழமையான கடினப் பாறைகள் அதிர்வை எளிதில் தணியவிடாமல் நெடுந்தொலைவு கடத்துவதே இதற்குக் காரணம்.

நீலகிரி மலை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழமையான சார்னோக்கைட்டுப் பாறையால் ஆனது. அதன் வடக்கே மோயாற்றை ஒட்டியும், தெற்கே பவானியாற்றை ஒட்டியும் பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய தொன்மையான முறிவு மண்டலங்கள் செல்கின்றன. மலையின் தென்கிழக்கு அடிவாரத்தில் பவானிக் கரையில் அமைந்த மேட்டுப்பாளையம் இவற்றில் இரண்டாவதன் போக்கில் உள்ளது. அதற்கும் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. 1900ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின் மையம் கணவாயை ஒட்டிய பகுதியில் குறிக்கப்படுகிறது.

இமயமலையைப் போல இங்கே புவித்தட்டுகளின் எல்லை எதுவும் இல்லை. எனினும், வடக்கு நோக்கி நகரும் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டுடன் மோதுவதால் எழும் அழுத்தம் தென்முனை வரை பரவுகிறது. அவ்வழுத்தம் பழைய முறிவுகள் போன்ற வலுவற்ற இடங்களில் வெளிப்படக்கூடும். தீபகற்பம் அசையாத நிலம் என்ற கருத்து முழுமையானதன்று என்பதையே மிதமான இந்நிலநடுக்கம் காட்டியது. அக்காலத்தில் கருவிகள் மிகச் சிலவே இயங்கியதால், அசைந்தது எந்த முறிவு என்பது உறுதிசெய்யப்படவில்லை. ஓல்டாம் பின்பற்றியதைப் போல, மக்கள் உணர்ந்த அதிர்வையும் சேதத்தையும் தொகுத்தே அதன் மையமும் அளவும் மதிப்பிடப்பட்டன.

இம்மதிப்பீடு வரலாற்று ஆர்வத்தோடு முடிவதில்லை. செப்டம்பர் 30, 1993 அன்று மகாராட்டிரத்தின் கில்லாரியில் ஏற்பட்ட நிலநடுக்கமும் ஏறத்தாழ இதே அளவினதே. அதில் 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2002ஆம் ஆண்டின் இந்திய நிலநடுக்க மண்டல வரைபடம் கோயம்புத்தூரை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. 2011 கணக்கெடுப்பின்படி கோயம்புத்தூர் மாநகரப் பகுதியில் 21 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1900இல் இருந்ததோ சிறிய நகரமே. அதே அளவு அதிர்வு மீண்டும் வந்தால் அதன் விளைவு கட்டடங்களின் உறுதியையே பெரிதும் பொறுத்திருக்கும்.