உண்மையை எழுதிய தூதர்

1945 ஜூலை மாதம். ஜெர்மனி சரணடைந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. மலாயாவும் சிங்கப்பூரும் இன்னும் ஜப்பானியர் ஆட்சியில்தான் இருந்தன. ஆனால் ஜப்பானின் தோல்வி நெருங்கிவிட்டது. தோக்கியோவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. அண்டை வல்லரசான சோவியத் யூனியன் நடுவராக வந்து, கௌரவமான சமாதானத்தைப் பெற்றுத் தரும் என்பதே அது. அந்த நம்பிக்கை வீண் என்று மாஸ்கோவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதியவர், ஜப்பானியத் தூதர் நவோதாகே சாட்டோ.

1882இல் ஒசாக்காவில் பிறந்த சாட்டோ, இளம் வயதிலேயே வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1937இல் சில மாதங்கள் வெளியுறவு அமைச்சராக இருந்தார். 1942இல் சோவியத் யூனியனுக்குத் தூதராக அனுப்பப்பட்டார்.

இரு நாடுகளும் 1941 ஏப்ரலில் ஐந்தாண்டு நடுநிலை ஒப்பந்தம் செய்திருந்தன. 1945 ஏப்ரல் 5ஆம் தேதி சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலொடோவ் சாட்டோவை அழைத்து, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவித்தார். இருந்தாலும் அது முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. தோக்கியோ அந்த ஓராண்டை நம்பியது. ஆனால் பிப்ரவரியில் யால்டா மாநாட்டிலேயே, ஜெர்மனி தோற்ற இரண்டு மூன்று மாதங்களில் ஜப்பானுடன் போரிடுவதாக ஸ்டாலின் ரகசியமாக வாக்களித்திருந்தார்.

அந்த ரகசியம் சாட்டோவுக்கும் தெரியாது. ஆனால் அவர் நிலைமையைச் சரியாகக் கணித்தார். வெற்றி பெறும் நட்பு நாடுகளை விட்டுவிட்டு, தோற்கும் ஜப்பானுக்கு மாஸ்கோ ஏன் உதவ வேண்டும்? இளவரசர் கோனோயேவைத் தூதுவராக அனுப்பத் தோக்கியோ விரும்பியபோது, தெளிவான சமாதானத் திட்டம் இல்லாமல் பயனில்லை என்று எச்சரித்தார். பேரரசர் பதவியை மட்டும் காத்துக்கொண்டு, மற்ற நிபந்தனைகளைக் கைவிட்டுச் சரணடைவதே வழி என்றும் எழுதினார். அந்தக் காலத்தில் ஜப்பானிய அதிகாரி ஒருவர் இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

வெளியுறவு அமைச்சர் டோகோ அதை ஏற்கவில்லை. அவர் நிலைமை அறியாதவர் அல்லர். போரை வழிநடத்திய ஆறு பேர் கொண்ட உயர் மன்றத்தில் இராணுவத் தலைவர்கள் சரணடைய மறுத்தனர். சோவியத் சமரச முயற்சிக்கு மட்டுமே ஆறு பேரும் இணங்கினர். இந்தத் தந்திகளை அமெரிக்கர்கள் இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தனர்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. 8ஆம் தேதி மாலை, கோனோயே பற்றிய பதிலுக்காகக் காத்திருந்த சாட்டோவிடம் மொலொடோவ் போர்ப் பிரகடனத்தை வாசித்தார். அதைத் தெரிவிக்க சாட்டோ அனுப்பிய தந்தி தோக்கியோவைச் சேரவே இல்லை. சில மணி நேரத்தில் சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன. பின்னர் ஏறத்தாழ 6 லட்சம் ஜப்பானியர்கள் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர்.

போருக்குப் பின் நாடு திரும்பிய சாட்டோ, 1949 முதல் 1953 வரை ஜப்பானிய நாடாளுமன்ற மேலவையின் தலைவராக இருந்தார். 1971இல் காலமானார்.

ஒரு தூதரின் வேலை, தம் அரசு கேட்க விரும்புவதை எழுதுவதன்று. எதிரே இருக்கும் நாடு என்ன செய்யப்போகிறது என்பதை எழுதுவது. சாட்டோ அதைச் செய்தார். அனைத்துலக உறவுகளைப் படிக்க விரும்பும் மாணவர்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது.