சாமிக்கண்ணு வின்சென்ட்

படக்காட்சி கண்டு மகிழும் நம்மவருள், அதனை ஊரூராய்க் கொணர்ந்து காட்டிய முன்னோரை நினைப்பார் சிலரே. அம்முன்னோருள் தலையாயவர் கோயமுத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் ஆவார்.

1883-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், நம் கடலூரையும் சிதம்பரத்தையும் திருச்சிராப்பள்ளியோடு இணைத்த தென்னிந்திய இரயில்வேயில், திருச்சியிலே படம் வரைவோராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய். பாரிசு நகரில் லூமியேர் சகோதரர் 1895-இல் சலனப்படங் காட்டிப் பத்தாண்டு கழிந்தபின், தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அக்கலையுடன் திருச்சிக்கு வந்தார். நோயுற்றுத் தாய்நாடு திரும்ப விழைந்த அவர், தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். விலை ஏறக்குறைய 2,000 ரூபாய். வின்சென்டுக்கோ அஃது ஆறாண்டுச் சம்பளத்தினும் மிக்கது. நிலையான உத்தியோகத்தை விடுத்து நில்லாது ஓடும் நிழலை நம்புதல் பேதைமை என உலகங் கூறும். ஆயினும் அவர் பொருள் திரட்டி அவற்றை வாங்கினார், உத்தியோகத்தையும் துறந்தார்.

படமனைகள் அரியவாயிருந்த அந்நாளிற் கூடாரமே அவருக்கு அரங்காயிற்று. திரையுங் கருவியும் சுமந்து சென்று, இயேசுநாதர் சரிதை முதலிய ஊமைப்படங்களைக் காட்டினார். வெட்டவெளியும் ஓரிரவிற் படமனையாயிற்று. எழுத்தறியாதாரும் கண்டு களித்தனர். தென்னாட்டோடு அமையாது, வடக்கே பெஷாவர் வரையும் அவர் கூடாரஞ் சென்றது.

1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான படமனையை நிறுவினார். 1942-இல் இறைவனடி சேர்ந்தார். அம்மனை இருந்த வீதி இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகின்றது.

பட்டம் பெற்றதும் உத்தியோகம் ஒன்றையே நாடும் மாணவராகிய நாம், கையிலிருந்த உத்தியோகத்தை விடுத்து நாட்டிற்கொரு புதுத்தொழில் தந்த இப்பெரியாரை எண்ணிப் பார்ப்போமாக.