மளிகைக் கடைக்காரர் மகன்

நம் கல்லூரித் திரைப்பட மன்றத்தார் சென்ற பருவத்தில் ஒரு பழைய அமெரிக்கப் படத்தைத் திரையிட்டனர். 1945-ஆம் ஆண்டு வெளிவந்த ‘டில்லிங்கர்’ என்பது அதன் பெயர். மோனோகிராம் என்னும் சிறிய கம்பெனியின் படம். கிங் சகோதரர்கள் தயாரிப்பு, மாக்ஸ் நோசெக் இயக்கம், அன்று பெயர் பெறாதிருந்த லாரன்ஸ் டியர்னி கதாநாயகன். எழுபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஃபிரிட்ஸ் லாங் 1937-இல் எடுத்த வேறொரு படத்தின் கொள்ளைக் காட்சியை அப்படியே எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள் என்றால், சிக்கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்! இருந்தும் பிலிப் யோர்டானின் திரைக்கதை ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப் பெற்றது.

மரத்துப்பாக்கியைக் காட்டிக் கதாநாயகன் சிறையிலிருந்து தப்பும் இடத்தில் அறை முழுவதும் கைதட்டல். நானும் தட்டினேன். விடுதிக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. படத்தில் அவன் முதன்முதல் கொள்ளையிடுவது ஒரு மளிகைக் கடையை. என் தந்தையார் மளிகைக் கடை வைத்திருப்பவர். மறுநாளே நூலகத்தில் உண்மை டில்லிங்கரைத் தேடத் தொடங்கினேன்.

ஜான் டில்லிங்கர் 1903 ஜூன் 22-ஆம் நாள் இண்டியானாபோலிஸ் நகரில் பிறந்தான். (அவர் என்று எழுதுவதா, அவன் என்று எழுதுவதா என்று சிறிது தயங்கினேன். கடைக்காரர் மகனாகிய நான் அவன் என்றே எழுதுகிறேன்.) அவனுடைய தந்தையும் மளிகைக் கடைக்காரரே! நான்கு வயது நிரம்புமுன் தாயை இழந்தான். 1920-இல் தந்தை கடையை விட்டு, மூர்ஸ்வில் என்னும் சிற்றூரில் பண்ணை வாங்கிக் குடியேறினார். மகனுக்குப் பண்ணை பிடிக்கவில்லை. 1923-இல் கடற்படையில் சேர்ந்தான். சில மாதங்களில் கப்பலை விட்டு ஓடி வந்தான். அடுத்த ஆண்டு திருமணமும் செய்துகொண்டான்.

1924 செப்டம்பரில், சிங்கிள்டன் என்னும் மூத்த கூட்டாளியுடன் சேர்ந்து, ஃபிராங்க் மார்கன் என்ற முதிய மளிகைக் கடைக்காரரை வழிமறித்தான். துணியில் சுற்றிய இரும்புத் துண்டால் தலையில் அடித்தான். அடிபட்டவர் முன்பின் தெரியாதவரல்லர், ஊர்க்காரர்.

அதன்பின் நடந்ததைத்தான் நான் மும்முறை திரும்பப் படித்தேன். தந்தை நேர்மையாளர், கண்டிப்பானவர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிபதி இரங்குவார் என்று நம்பி, வக்கீல் வைக்காமலே உண்மையைச் சொல்லும்படி மகனிடம் கூறினார். மகனும் கேட்டான். கிடைத்தது பத்து முதல் இருபது ஆண்டு வரை சிறை. வக்கீல் வைத்து வாதாடிய சிங்கிள்டனுக்கு இரண்டு முதல் பதினான்கு ஆண்டு; அவன் இரண்டாண்டு முடியுமுன்பே வெளியே வந்துவிட்டான். டில்லிங்கருக்கு அப்போது இருபத்தொரு வயது.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உள்ளே இருந்தான். 1929-இல் மனைவி மணவிலக்குப் பெற்றாள். ஹாரி பியர்பாண்ட் போன்ற தேர்ந்த கொள்ளைக்காரர்கள் சிறையில் நண்பர்களாயினர். வங்கிக் கொள்ளைத் தொழிலை அங்கேதான் கற்றான். 1933-இல் சிற்றன்னை மரணப் படுக்கையில் கிடந்தபோது, ஊரார் ஏறத்தாழ இருநூறு பேர் அவனை விடுவிக்கக் கோரி மனுவில் கையெழுத்திட்டனர். அவர்களுள் ஒருவர் அடிபட்ட மார்கன்! மே மாதம் பரோலில் வீடு வந்து சேருமுன் சிற்றன்னை இறந்துவிட்டாள்.

அடுத்த மாதமே ஓஹையோ மாநிலத்தில் ஒரு வங்கியைக் கொள்ளையிட்டான். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடிக் கிடந்தன. சேமிப்பை இழந்தவர்கள் வங்கி கொள்ளை போவதைக் கேட்டு மகிழ்ந்தார்கள். அவனுடைய புகழுக்கு அதுவே காரணம் என்பது என் கருத்து. ஆயினும், அக்டோபரில் அவனை லைமா சிறையிலிருந்து மீட்க வந்த கூட்டாளிகள் ஷெரீப் ஜெஸ் சார்பரைச் சுட்டுக் கொன்றனர். 1934 ஜனவரியில் கிழக்குச் சிகாகோ வங்கிக் கொள்ளையில் வில்லியம் ஓமாலி என்ற காவலர் மாண்டார். அக்கொலைக் குற்றம் டில்லிங்கர் மீதே சாட்டப்பட்டது. கைதட்டும்போது இவ்விருவரும் எனக்கு நினைவில் இல்லை, தெரியவும் தெரியாது.

அதே மாதம் அரிசோனாவில் பிடிபட்டு, கிரவுன் பாயிண்ட் சிறைக்குக் கொண்டுவரப்பட்டான். அங்கே, தனக்கு எதிராக வழக்கு நடத்த வேண்டிய அரசு வக்கீலின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டான்! மார்ச் 3-ஆம் நாள், கருமை பூசிய மரத்துப்பாக்கியால் காவலரை மிரட்டி, பெண் ஷெரீபின் ஃபோர்டு காரிலேயே தப்பினான். திருட்டுக் காரை மாநில எல்லை தாண்டி ஓட்டியது மத்திய அரசுக் குற்றமாயிற்று. எட்கர் ஹூவரின் புலனாய்வுத் துறை துரத்தத் தொடங்கியது. (எஃப்.பி.ஐ. என்ற பெயர் அதற்கு 1935-இல்தான் வந்தது.) ஏப்ரலில் விஸ்கான்சின் விடுதி ஒன்றை வளைத்தபோது அத்துறையினர் தவறுதலாக அப்பாவி ஒருவரைச் சுட்டுக் கொன்றனர், கொள்ளையர் பின்வழியே ஓடிவிட்டனர்.

முகத்தை அறுவை சிகிச்சையால் மாற்றியும் பயனில்லை. ருமேனியப் பெண் அன்னா சேஜ் காட்டிக்கொடுத்தாள். 1934 ஜூலை 22-ஆம் நாள் இரவு, சிகாகோ பயோகிராஃப் திரையரங்கில் கிளார்க் கேபிள் நடித்த ஒரு கொள்ளைக்காரன் படத்தைப் பார்த்து வெளியே வந்தவன் சுடப்பட்டு விழுந்தான். வயது முப்பத்தொன்று. தெருவில் கிடந்த இரத்தத்தில் மக்கள் கைக்குட்டையைத் தோய்த்தார்களாம். நாட்டை விட்டு அனுப்பாமலிருப்பார்கள் என்று நம்பிய அன்னாவை 1936-இல் நாடு கடத்திவிட்டார்கள்.

அவனைப் பற்றிப் படம் எடுக்கலாகாது என்று ஹாலிவுட்டின் வில் ஹேய்ஸ் 1934-லேயே தடுத்திருந்தார். பதினோராண்டு கழித்தே இப்படம் வந்தது. அதன் தொடக்கத்தில் வயதான தந்தை மேடையில் நின்று மகன் கதையைச் சொல்கிறார். உண்மைத் தந்தை, பிணத்தை எவரும் தோண்டி எடுக்காதிருக்க, கிரவுன் ஹில் கல்லறைக் குழியை இரும்பும் சிமெண்டும் இட்டு மூடச் செய்தார்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கடையில் உட்கார்ந்து அப்பாவிடம் இக்கதையைச் சொன்னேன். கொள்ளைகளை அவர் அக்கறையாகக் கேட்கவில்லை. வக்கீல் இல்லாமல் உண்மையைச் சொல்லச் சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, நீயாக இருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. யாரோ அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்டு வந்து நின்றார்கள். எழுந்து நிறுத்துக் கொடுத்தேன்.